சேதியப்பனுக்குப் பெண் கேட்ட கதை

கச்சிராயபாளையத்திலிருந்து மலையைப் பார்த்து மூன்று கிலோமீட்டர் போனால் சேதியப்பன்கொட்டாய். ஊருக்குப் பேர் கொடுத்த சாமி ஊர் வாசலிலேயே, புளியமரத்தடியில், இடுப்பு உயரக் கல்லாக நிற்கிறார். அவருக்கு மணியாட்டுகிறவன் கொளஞ்சியப்பன். வயது முப்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. ஆகவும் கூடாது. இந்தக் கதையின் வயிற்றெரிச்சலே அதுதான்.

ஏன் ஆகக் கூடாது என்றால், ஒரு பழைய காதல் கதையைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கதை. கீழ்நாட்டு ராஜா மகன் அரசமுத்து வேட்டைக்கு மலையேறிப் போனான், மலைக்கொழுந்தாளைப் பார்த்தான், அதோடு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மலையில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. சரி, இவன் சோற்றுக்கும் அவள் தூக்கத்துக்கும் நடுவே ஏழு தடவை மலையேறி இறங்கியது யார்? அரசமுத்துவின் ஆள் சேதியப்பன். ஏழு தடவையும் பாறைமேல் நின்று வழியை மறித்து, "வந்துட்டியாடா காலு தேஞ்ச கழுதை" என்று வாய் வலிக்கத் திட்டியது யார்? மலைக்கொழுந்தாளின் கூட்டாளி தோழிச்சி. கடைசியில் காதலர்கள் மாலை மாற்றிக்கொண்டு குதிரையேறிப் போய்விட்டார்கள். சேதியப்பன் மலையடியில் நின்று கல்லானான். தோழிச்சி மலைமேல் நின்று கல்லானாள். பங்குனிக்குப் பங்குனி இந்தக் கதையைக் கூத்தாக வைத்துப் பார்க்கிற ஜனம், குதிரை போனதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடும். பாவம், அந்த இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று முந்நூறு வருஷமாக ஒருத்தரும் கேட்டதில்லை.

கல்யாணமாகாத சாமிக்குக் கல்யாணமாகாதவன்தான் மணியாட்ட வேண்டும் என்பது ஊர்க்கட்டு. கொளஞ்சியின் தாய்மாமன் கிழடு தட்டிப் படுத்தபோது, "வேற ஆளு கெடைக்கிற வரைக்கும்தான்டா, புடி" என்று மணியை இவன் கையில் திணித்தார்கள். அப்போது இவனுக்குப் பத்தொன்பது வயது. இன்றைக்கும் வேறு ஆள் தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். 'பூசாரிக்கு ஆள் பார்க்கிறார்கள்' என்ற பேச்சு கிளம்பினால் போதும், ஊர் இளவட்டமெல்லாம் திருப்பூருக்கு பஸ் ஏறிவிடுகிறது. மணியைக் கீழே வைத்துவிட்டுத் தாலி கட்டிவிடலாமே என்றால், அதற்கும் ஒரு பயம். ஒரு காலத்தில் ஒரு பூசாரி அப்படித்தான் செய்தாராம், மறுவாரமே ஊர்க் கிணறு வற்றிப் போச்சாம். அது சித்திரை மாசம் என்பதையும், சித்திரையில் அந்தக் கிணறு எப்போதும் வற்றும் என்பதையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

பகலில் கொளஞ்சிக்கு ஷேர் ஆட்டோ. கச்சிராயபாளையம், வடக்கனந்தல், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு, திரும்ப அதே வழி. வண்டியில் ஏறுகிற ஆளைவிட, ஏறாத ஆள் கொடுத்தனுப்புகிற சேதி ஜாஸ்தி. "கொளஞ்சி, வடக்கனந்தல்ல என் தங்கச்சிகிட்ட சொல்லிடு, மாடு கன்னு போட்டுடுச்சி." "கொளஞ்சியண்ணே, கோர்ட்டாண்ட டீக்கடையில எங்கப்பா குந்திக்கினு இருப்பாரு, வக்கீலு இன்னிக்கி வரமாட்டாராம், வூட்டுக்கு வரச் சொல்லு." எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. இருந்தாலும் இவன் வாயால் போனால்தான் சேதி போய்ச் சேர்ந்த திருப்தி. ஒரு வார்த்தை கூட்டமாட்டான், ஒரு வார்த்தை குறைக்கமாட்டான். அப்படிப்பட்டவனுக்குத் தன் சொந்தச் சேதி ஒன்றைச் சொல்ல மட்டும் ஆறு வருஷமாக வாய் வரவில்லை.

அந்தச் சேதிக்குப் பேர் தைலம்மாள். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், தோழிச்சி கல்லாக நிற்கிற பாறையூர்க்காரி. அப்பா போன பிறகு இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்துக் கரையேற்றினாள், நிமிர்ந்து பார்த்தால் வயது முப்பத்திரண்டு. வாராவாரம் கச்சிராயபாளையம் சந்தைக்குச் சாமையும் புளியும் கடுக்காயும் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவாள். விற்றது போக மிச்சத்தைக் கள்ளக்குறிச்சிக் கடைக்கு இவன் வண்டியில் ஏற்றுவாள். "எத்தினி மூட்ட?" என்று இவன் கேட்பான். "கண்ணு இல்லியா, எண்ணிக்க" என்பாள் அவள். ஆறு வருஷத்தில் இரண்டு பேரும் பேசிக்கொண்டது மொத்தமே அவ்வளவுதான். அந்த ஒரு பேச்சுக்காக இவன் சந்தைக்கு முந்தின நாளே வண்டியை ஷாம்பு போட்டுக் கழுவுவான்.

சொல்லத் தைரியம் இல்லாதவன் என்ன செய்வான்? சொல்லியனுப்புவான். முதலில் மலைபஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பினான். அந்த மனுஷன் பரிகம் ஊரைத் தாண்டுவதற்குள் மறந்துவிட்டார். அடுத்து பூக்கடை ராஜாம்பாள். அவள் போய், "ஆட்டோக்காரரு உன்னைக் கேட்டாரு" என்றிருக்கிறாள். "இன்னா கேட்டாரு?" "சும்மா, கேட்டாரு." "சும்மா கேட்டா சும்மா இருக்கேன்னு சொல்லுங்க" என்று தைலம்மாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மூன்றாவதாக, மாசி மாதத்தில், கூடப்பிறந்த அக்கா அம்சவள்ளியையே அனுப்பினான். அம்சவள்ளி கரும்பு வெட்டுகிற கை. வாயும் அதே வேலையைத்தான் செய்யும்.

சந்தையிலிருந்து திரும்பி வந்த அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா சொன்னா?" என்றான் கொளஞ்சி.

"அவளுக்குத் தம்மம்பட்டியிலருந்து ஒரு மாப்ள வந்திருக்குதாம். வைகாசியில பூ வெக்க வராங்களாம்."

"நீ எஞ் சேதியச் சொன்னியா இல்லியா?"

"சொன்னன்டா. எந் தம்பி உன்னைக் கட்டிக்கணும்னு இருக்கான்னேன். சிரிச்சா. 'அக்கா, உங்க சாமியே கட்டைப் பிரம்மச்சாரியா நிக்குது. மொதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணுங்க, பூசாரிக்கு அப்புறம் பாக்கலாம்'னா."

வேறொருவனாக இருந்தால் இதைக் கேலி என்று புரிந்துகொண்டிருப்பான். சேதிக்காரனுக்குச் சொன்னது சொன்னதுதான், உள்ளர்த்தம் பார்க்கிற வழக்கமே கிடையாது. சாமிக்குக் கல்யாணம் செய்தால் தைலம்மாள் கிடைப்பாள் என்று அவன் மனசில் முடிச்சு விழுந்துவிட்டது. வைகாசிக்கு மூன்று மாசம்தான் இருந்தது.

அவன் நேராகப் போனது ராமசாமியிடம். ஆறு ஏக்கர் கரும்பு, ஒரு டிராக்டர், கல்யாணமாகாத ஒரு மகன் என்று வாழ்கிற பெரிய மனுஷன் ராமசாமி. மகன் அறிவுச்செல்வன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, பிடித்துப்போய்க் கரும்பு போட்டவன். வயது முப்பத்துநான்கு. பெண் வீட்டார் போனில் "மாப்பிள்ளை என்ன செய்யறாரு" என்று கேட்பார்கள், "விவசாயம்" என்பார் ராமசாமி, அந்தப் பக்கம் டவர் போய்விடும். இவன் ஒருத்தன்தான் என்றில்லை, சேதியப்பன்கொட்டாயில் முப்பது தாண்டிய மாப்பிள்ளைகள் மட்டும் நாற்பத்தொரு பேர். சாயங்காலத்தில் டீக்கடை பெஞ்சைப் பார்த்தால் மாட்டுச்சந்தை தோற்றுப்போகும்.

கொளஞ்சி தன் விஷயத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. தலையைச் சொறிந்துகொண்டே, "ஒண்ணு தோணுதுங்க" என்றான். "ஊர் வாசல்ல கல்யாணமாவாதவரு ஒருத்தரு நின்னுக்கினு இருக்காரு. அவரத் தாண்டி எப்படிங்க ஊருக்குள்ள மேளம் வரும்?"

ராமசாமி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். கண் அகன்றது. "அடங்கொக்கா! ஜாதகத்துல கொறன்னு நெனச்சிக்கினு கோயில் கோயிலா சுத்தறேன். கொற வாசல்லியே நிக்குதா!"

மறுநாள் காலையே பால் சொசைட்டி கொட்டகையில் ஊர் கூடியது. சாமிக்குக் கல்யாணம் என்றதும் நாற்பத்தொரு மாப்பிள்ளைகளும் கை தட்டினார்கள். பெண் யார் என்பதில் சண்டையே இல்லை, தோழிச்சிதான். ஏழு தடவை அப்படித் திட்டியவள் வேறு எதற்காகத் திட்டியிருப்பாள் என்று பெண்கள் பக்கத்திலிருந்து அம்சவள்ளி கேட்டாள். மலைக்காரப் பெண்ணா என்று மட்டும் பெரிய தலைகள் நாலு முகத்தைச் சுளித்தன. அரசமுத்து மலைக்காரியைக் கட்டுவதைப் பார்த்து வருஷா வருஷம் மூக்கைச் சிந்துகிற அதே தலைகள்தான். கூத்தில் நடந்தால் காதல், ஊரில் நடந்தால் கேவலம்! ராமசாமி அவர்களை ஒரு முறை முறைத்தார். "எம் பையனுக்கு நீங்க பொண்ணு குடுக்கறீங்களா? இல்லல்ல? அப்ப வாய மூடுங்க" என்றார். முகங்கள் நேராகின.

எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது. கூத்து வாத்தியார் பொன்னுரங்கம் எழுந்தார். அறுபதை நெருங்குகிற ஆள், தொப்பை வேறு. முப்பது வருஷமாகத் தோழிச்சி வேஷம் கட்டுகிறவர் அவர்தான்.

"யாரக் கேட்டு முடிவு பண்றீங்க?" என்றார்.

"ஏன் வாத்தியாரே, யாரக் கேக்கணும்?" என்றார் ராமசாமி.

"என்னக் கேக்கணும். தோழிச்சியா நிக்கறவன் நான். அந்தாளு ஏழு தபா வரான். ஏழு தபாவும் 'எங்க ராசா சொன்னாரு, எங்க ராசா சொன்னாரு'ங்கறான். ஒரு தபாவாவது, 'இன்னாம்மா, சாப்ட்டியா'ன்னு என்னக் கேட்டானா? நான் ஒத்துக்கமாட்டேன்."

கொட்டகை இடிந்துவிழுகிற மாதிரி சிரிப்பு. "வாத்தியாரே, ஒன்ன யாரும் கட்டிவெக்கல, குந்து" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். பொன்னுரங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த மனுஷனுக்குத் தெரிந்த விஷயம் அந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு அதை யார் காதில் வாங்கினார்கள்?

கூத்து முடிந்து, கரும்பு வெட்டும் ஓய்ந்து, சித்திரையில் ஒரு புதன்கிழமை காலை டாடா ஏஸ் இரண்டில் பெண் கேட்கக் கிளம்பினார்கள். பழத்தட்டு, பூத்தட்டு, சேலைத்தட்டு, பம்பைக்காரர் இரண்டு பேர், ராமசாமி, பொன்னுரங்கம், அம்சவள்ளி, வழி காட்ட ஆட்டோவில் கொளஞ்சி. வளைவுக்கு வளைவு ராமசாமி தலையை வெளியே நீட்டி வாந்தியெடுத்தார். "எங்க சாமி ஏழு தபா எப்படித்தான் ஏறினாரோ" என்று அவருக்கு அன்றைக்குத்தான் பக்தி முற்றியது.

பாறையூரில் பலாமரத்தடியில் பாய் விரித்திருந்தது. ஊர்க்கவுண்டர் சடையன் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒல்லி மனுஷன், கண் மட்டும் பெரிசு. எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள், குடித்தார்கள். அப்புறம் இரண்டு பக்கமும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

எதற்குக் காத்திருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? கீழே பெண் வீட்டார்தான் வாயைத் திறந்து, எங்கள் பெண்ணுக்கு இன்னது செய்கிறோம் என்று சொல்லவேண்டும். மலையில் மாப்பிள்ளை வீட்டார்தான் திறந்து, உங்கள் பெண்ணுக்கு இன்ன பரிசம் போடுகிறோம் என்று சொல்லவேண்டும். ஆகவே இரண்டு பக்கமும் மரியாதையாக அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பலாமரத்தில் ஒரு காக்கா மட்டும் கத்தியது.

ராமசாமிதான் பொறுக்கமாட்டாமல் தொண்டையைச் செருமினார். "அப்ப, நீங்க இன்னா செய்யறீங்க?"

"குந்திக்கினு இருக்கோம்" என்றார் சடையன்.

"அதில்லீங்க. பொண்ணுக்கு இன்னா போடுவீங்க?"

"நாங்களா? பொண்ணையும் குடுத்துட்டு மேல வேற குடுக்கணுமா? இது இன்னாய்யா நாயம்? எங்க ஊர்ல பொண்ணு வாங்கறவன்தான் குடுப்பான். ஒரு சோடி காளை கொண்டா."

"காளையா! எங்கூர்ல காளைய யாருங்க வெச்சிருக்கா? டிராக்டருதான்."

"சரி, டிராக்டரக் கொண்டா."

ராமசாமிக்கு மறுபடியும் வாந்தி வரும்போல் ஆகிவிட்டது. அம்சவள்ளி நடுவில் புகுந்தாள். "டிராக்டர உட்டுட்டுப் போவ முடியாதுண்ணே. வருசத்துக்கு ஒரு நாளு வந்து தோழிச்சி காட்ட உழுதுட்டுப் போறோம், சரியா?" சடையன் யோசித்தார். தோழிச்சி பேரில் விட்டிருந்த அந்தப் புன்செய்க் காட்டை இத்தனை வருஷம் மண்வெட்டியால் கொத்தியவர் அவரேதான். "சரி" என்றார். பம்பை ஒரு சுற்று அடித்து ஓய்ந்தது.

கொளஞ்சிக்கு நெஞ்சுக்குள் அந்த அடி நிற்கவே இல்லை. முக்கால் கிணறு தாண்டியாகிவிட்டது.

"பேசினது நாம. அவ சம்மதத்த அவகிட்டதான் கேக்கணும்" என்று சடையன் எழுந்து, எல்லாரையும் பாறைக்குக் கூட்டிப்போனார். பாறைமேல் மஞ்சள் பூசிய கல், தோழிச்சி. கல்லின் உச்சியில் ஒரு செவ்வரளிப் பூவை வைத்துவிட்டுக் கேட்பார்கள். பூ வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் இல்லை. பூ வைப்பது தைலம்மாள் குடும்பத்து முறை. அவள் ஈரத்தலையோடு, கல்லுக்குப் பக்கத்தில் தயாராக நின்றிருந்தாள். கொளஞ்சி பார்த்தான். உடனே தரையைப் பார்த்தான்.

முதல் தடவை பூ வைத்தாள். பூ அசையவில்லை. காற்றுக்கூட அடித்தது, இருந்தும் அசையவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை இடப்பக்கம் விழுந்தது.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் பொன்னுரங்கம்.

"வாத்தியாரே, கொஞ்சம் சும்மா இரு" என்று ராமசாமி கையெடுத்துக் கும்பிட்டார். "கவுண்டரே, இன்னாங்க கொற? எல்லா மொறையும் செஞ்சிட்டமே?"

சடையன் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "எல்லாரும் வந்திருக்கீங்க. மாப்ள எங்க?"

"மாப்ளயா?"

"ஆமாய்யா, மாப்ள. எங்க பக்கம் பெரியவங்க பேசி முடிச்சதும், கட்டிக்கிறவன் பொண்ணு முன்னால வந்து நின்னு, 'என்னைக் கட்டிக்கிறியா'ன்னு அவன் வாயால கேக்கணும். அவன் கேக்காம பொண்ணு பேசாது. தூது வுட்டா எவ தலையாட்டுவா?"

"அவரு கல்லுங்க! எப்படிக் கொண்டாரது?"

"இவளுங்கூட கல்லுதான்யா. இவகிட்ட கேக்கணும்னு வரல?"

கொளஞ்சி மனசுக்குள் கணக்குப் போட்டான். இது உடைந்தால் எல்லாம் உடைந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் தம்மம்பட்டிக்காரர்கள் தட்டோடு வந்துவிடுவார்கள், இவன் சாகும்வரை மணியை ஆட்டிக்கொண்டு கிடக்கவேண்டியதுதான்.

அப்போதுதான் அம்சவள்ளிக்கு ஒரு யோசனை வந்தது. "எந் தம்பி மேல சேதியப்பன் வருமே! வருசா வருசம் பங்குனியில ஏறி நின்னு குறி சொல்லுதே! டேய் கொளஞ்சி, ஆடுடா. உம்மேல வந்து சாமியே கேக்கட்டும்."

நல்ல வழி. பம்பை முழங்கியது. வேட்டியை மடித்துக்கட்டி, விபூதியை அள்ளிப் பூசி, கொளஞ்சியை நடுவில் நிறுத்தினார்கள். பங்குனியில் இரண்டு அடிக்கே உடம்பு உதறுகிறவன்தான். அன்றைக்குக் கால்மணி நேரம் அடித்தும், வியர்வையைத் தவிர வேறொன்றும் வரவில்லை. பம்பைக்காரர்கள் கை மாற்றிக்கொண்டார்கள். எல்லாருடைய கண்ணும் இவன் மேல். அதில் இரண்டு கண் அவளுடையது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள், இங்கே பூசாரி ஒற்றைக்காலில் நிற்கிறான், சாமி எட்டிப்பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் அவன் ஒரு காரியம் செய்தான். "டுர்ர்ர்" என்று ஒரு குதி குதித்து, "வந்துட்டன்டா, சேதியப்பன் வந்துட்டன்டா" என்று கத்தினான்.

சடையன் அசரவில்லை. "வா சாமி" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். சாமி வந்தவனுக்குச் சுடாது என்பது மலைக்கணக்கு.

"ஐயோ யம்மா!" என்று கற்பூரத்தை உதறிவிட்டுக் கையை வாயில் வைத்து ஊதினான் கொளஞ்சி.

பாறையே சிரித்தது. மலைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ராமசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கொளஞ்சிக்கு அந்த இடத்திலேயே உருண்டு பள்ளத்தில் விழுந்துவிட்டால் தேவலை என்றிருந்தது. அவமானத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது, பாவி மனுஷனுக்கு.

சிரிக்காமல் நின்றவள் தைலம்மாள் ஒருத்திதான். நாலாவது பூவை எடுத்துக் கல்லின் உச்சியில் வைத்தாள்.

"சாமி வரலன்னா போவட்டும்" என்றாள். "வந்திருக்கிற ஆளு பேசட்டும்."

கூட்டம் அடங்கியது. கொளஞ்சி சுட்ட கையை வேட்டியில் தேய்த்தான். மஞ்சள் கல்லை மட்டும் பார்த்தான்.

"நான் கொளஞ்சியப்பன்" என்றான். "கச்சிராயபாளையம் ஆட்டோ."

"அது தெரியும்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"ஆறு வருசமா மூட்ட ஏத்தறேன். உன் பஸ்ஸு லேட்டாச்சின்னா நான் வண்டிய எடுக்கறதில்ல, ரிப்பேருன்னு பொய் சொல்லிட்டு நிப்பேன். வடக்கனந்தல் ஜனம் கண்டபடி திட்டும். நீ வராத வாரம் எனுக்குச் சந்த நாளே இல்ல. கண்டக்டர அனுப்பினேன், ராஜாம்பாள அனுப்பினேன், எங்க அக்காவ அனுப்பினேன். கடைசியில எங்க சாமியவே அனுப்பப் பாத்தேன். ஊரு சேதியெல்லாம் சொல்றேன், எனுக்குன்னு ஒண்ணு சொல்ல பயம். நீ இல்லன்னு சொல்லிட்டா அப்புறம் மூட்ட ஏத்தக்கூட வரமாட்டியேன்னு பயம்." மூச்சு வாங்கினான். "என்னைக் கட்டிக்கிறியா?"

ராமசாமி துண்டை எடுத்தார். "டேய்! சாமிக்குக் கேளுடான்னா ஒனக்கா கேக்கற?" என்று பாய்ந்தார். பொன்னுரங்கம் அவர் வாயைப் பொத்தினார். "யோவ், இப்பத்தான்யா கூத்தே ஆரம்பிக்குது, சும்மா இரு."

அந்தக் களேபரத்தில் கல்லை ஒருத்தரும் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது உச்சியில் பூ இல்லை. வலமா, இடமா? எங்கேயும் இல்லை. கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளாடு எட்டிப்பார்த்தது. வாயோரத்தில் சிவப்பாக ஒரு இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

"போச்சு, சகுனத்தத் தின்னுடுச்சே!" என்றார் ராமசாமி. சடையன் ஆட்டின் காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். காதில் மஞ்சள் துணி கட்டியிருந்தது, தோழிச்சிக்கு நேர்ந்துவிட்ட ஆடு. அவர் ஆட்டையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். தலையை ஆட்டினார். வருஷா வருஷம் வரப்போகிற டிராக்டரையும் கொஞ்சம் நினைத்திருப்பார், யார் கண்டது?

"அவ பூவ அவ ஆடே எடுத்துக்கிச்சி. வேணாம்னா எடுக்குமா? எங்க பொண்ணுக்குச் சம்மதம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அவ்வளவுதான், பம்பை பிய்த்துக்கொண்டு அடித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். ராமசாமி சடையனைக் கட்டிப்பிடித்து, "சம்பந்தி!" என்றார். அறிவுச்செல்வனுக்கு அப்போதே போன் போட்டு, "டேய், சாமிக்கு முடிஞ்சிடுச்சிடா" என்று கத்தினார். இரண்டு ஊரும் சேர்ந்து ஆடியது. கேள்வி கேட்டவனை எல்லாரும் மறந்துவிட்டார்கள். காதலர்கள் குதிரையேறிப் போனதும் துண்டை உதறிக்கொண்டு எழுகிற ஜனம்தானே, வேறு எப்படி இருக்கும்? கொளஞ்சி மட்டும் நட்டுவைத்த மாதிரி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

தைலம்மாள் பாறையிலிருந்து இறங்கி அவன் எதிரில் வந்து நின்றாள்.

"உங்க சாமிக்குப் பதில் கெடச்சிடுச்சி" என்றாள்.

"ஆமா."

"நீ கேட்டதுக்கு?"

அவன் மறுபடியும் மஞ்சள் கல்லைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ கல்லப் பாத்துல்ல கேட்ட. அதுக்கு நான் எப்படிப் பதில் சொல்றது? என்னைப் பாத்துக் கேளு."

அவன் நிமிர்ந்தான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தை முழுசாகப் பார்த்தான். மூக்குத்தியில் இருப்பது சிவப்புக் கல் என்பதே அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் மூட்டையையே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான், மடையன்.

"தைலம்மா, என்னைக் கட்டிக்கிறியா?"

"கட்டிக்கிறேன்" என்றாள் அவள். "தம்மம்பட்டிக்கு நான் இன்னும் தலையாட்டல. இத மொத சந்தையிலியே கேட்டிருந்தா இந்நேரம் புள்ளயப் பள்ளிக்கோடத்துல உட்டுட்டு வந்திருக்கலாம்."

கொளஞ்சிக்குக் காது அடைத்துக்கொண்டது. பம்பைச் சத்தமா, ரத்த ஓட்டமா, தெரியவில்லை. முப்பத்தெட்டு வருஷப் பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா? அவன் மெல்லப் பக்கத்தில் நின்ற அம்சவள்ளி பக்கம் சாய்ந்தான்.

"அக்கா," என்றான் மெதுவாக, "இன்னா சொல்றா, கேட்டுச் சொல்லேன்."

அம்சவள்ளி அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "உங்கிட்டதான்டா சொல்றா!"